பஸ்ஸில் வந்த அனல்

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு விழுப்புரத்தில் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியை இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, மனைவியோடு திண்டிவனத்துக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. எனக்கோ திடீரென்று உடம்பெல்லாம் அனலாய்க் கொதித்து, சட்டை வியர்வையில் நனைந்தது. ஜன்னலோரம் இருந்த அவள் ஷட்டரைத் தூக்கிவிட்டு, முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள்.

“கொஞ்ச நேரந்தாங்க, தானா அடங்கிடும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“மாசாமாசம் வர்றது நின்னப்ப, எனக்கு ரெண்டு வருஷம் இப்படித்தான் வந்துக்கினு இருந்துச்சு,” என்றாள் மெதுவாக.

அந்த நாட்களில் அவள் ஃபேன் போடும்போதெல்லாம், “குளுருல எதுக்குப் பேஜாரு பண்ற?” என்று எரிந்துவிழுந்து அணைத்தவன் நான்.

“அப்ப நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கலியே,” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாதுங்க. நானும் சொல்லலியே,” என்றாள். சாரலில் அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது.

தெரியாது என்பது உண்மைதான். தெரிந்துகொள்ள நினைக்கவில்லை என்பதும் உண்மை.