மேஜை போட்ட நாள்

1. துணிப்பை

பாம் ஸ்க்வாடில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, பெண்களின் கைப்பையைத் துழாவுவது. கடற்கரைச் சாலையில் ஏதோ விழா, மந்திரி வருகிறார், பெண்களைச் சோதிக்க ஒரு பெண் போலீஸ் வேண்டும். "உனக்கு என்னாம்மா கஷ்டம், சீப்பு, பவுடரு, இதைத்தான பாக்கப்போற" என்றார் எங்கள் எஸ்.ஐ. ஆண்களோடு சேர்ந்து அதே கோர்ஸை முடித்து, அதே கனத்த பாம் சூட்டைப் போட்டுக்கொண்டு அதே வெயிலில் நடந்துவிட்டு வந்தவள் நான். எரிச்சலை விழுங்கிக்கொண்டு சீப்பு பார்த்தேன்.

அன்று சாயங்காலமே நிஜமான போன் கால் வந்தது. பஸ் ஸ்டாண்டில் கேட்பாரில்லாமல் ஒரு துணிப்பை. நானும் சலீமும் போனோம். சலீம் சர்வீசில் எனக்கு ஜூனியர், ஸ்க்வாடுக்கு எனக்கு முன்பே வந்தவன். டவுனில் தலைமுறை தலைமுறையாகத் தையல் கடை வைத்திருந்த குடும்பம். ஸ்க்வாடின் கொக்கி, கயிறு, கப்பி எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை வைத்து ஒரு கான்வாஸ் பையை அவனே தைத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் வேண்டிய சாமான் வரும். அவன் விரல்கள் அப்படி.

எங்கள் வேலையைப் பற்றி ஜனங்கள் சினிமா பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். சிவப்பு ஒயரா, பச்சை ஒயரா என்று வியர்த்துக்கொண்டு நிற்பவர்கள் நாங்கள் என்று. அப்படி ஒருநாளும் நின்றதில்லை. முதல் வேலை ஜனங்களை நகர்த்துவது. அடுத்தது கேள்வி கேட்பது: யார் முதலில் பார்த்தது, யாராவது தொட்டார்களா, நகர்த்தினார்களா? பக்கத்தில் செல்போன், வாக்கிடாக்கி கூடாது. பிறகு ஒரே ஆள்தான் கிட்டே போகவேண்டும். இரண்டு பேர் போனால் தைரியம் இரண்டு மடங்கு ஆகாது, பிணம்தான் இரண்டாகும். போனவர் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். உட்கார்ந்து யோசிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து கயிற்றால் செய்ய முடிந்ததைக் கையால் செய்யக் கூடாது. எங்கள் வேலையில் பாதி, சும்மா இருப்பது. அந்தச் சும்மா இருப்பதைத்தான் யாராலும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

பையைக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்ததில் ஒரு வேட்டியும் ஒரு பொட்டலம் முறுக்கும் இருந்தன. பஸ் கிடைக்காத ஒரு பெரியவர் கத்தினார். "ஒரு வேட்டிக்கா இம்மா நேரம் எங்கள நிக்கவச்சீங்க?"

சலீம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னான். "வேட்டின்னு தெரிஞ்சப்பறம் எல்லாருமே வீரன்தான் அக்கா."

2. இன்னொரு தடவை

ஊருக்குள் நாங்கள் அதிகம் பார்த்தது நாட்டு வெடிகுண்டுதான். ரவுடிகள் ஒருவரையொருவர் தீர்த்துக்கொள்ளச் செய்வது. கம்பெனி குண்டுக்காவது ஒரு ஒழுங்கு உண்டு. இதற்குச் செய்தவன் புத்திதான் ஒழுங்கு. எப்போது கோபித்துக்கொள்ளும் என்று அதற்கே தெரியாது. அதனால் இருக்கிற இடத்திலேயே வைத்து, சுற்றி மணல் மூட்டை அடுக்கி, பொறுமையாகத்தான் கையாள வேண்டும். பிறகு கோர்ட் அனுமதியோடு வெட்டவெளியில் அழித்துவிட வேண்டும். நடுவில் அதை ஊர்கோலம் எடுத்துப்போக எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை.

ஆனால் நம் போலீசில் ஒரு வழக்கம் இருக்கிறது. எதைப் பிடித்தாலும் மேஜையில் பரப்பி, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்வது. கஞ்சா, கத்தி, திருட்டு நகை, எல்லாம் அந்த மேஜைக்கு வந்தாக வேண்டும். மேஜைக்கு வராத கேஸ் பேப்பரில் வராது. பேப்பரில் வராத கேஸ் மேலே இருப்பவர்களின் கண்ணில் படாது.

தேங்காய்த்திட்டுப் பக்கம் பாதி கட்டி நிறுத்திய ஒரு வீட்டில், பெயிண்ட் வாளிக்குள் சில குண்டுகள் கிடைத்தன. எந்த ஸ்டேஷன், எந்த இன்ஸ்பெக்டர் என்று நான் எழுதப்போவதில்லை. படிக்கிற நாலு பேருக்குத் தானாகத் தெரியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாளி வீட்டுக்குள் இல்லை. வாசலில், நல்ல வெயிலில், ஒரு மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. மேஜை மேல் வெள்ளைத் துணி வேறு விரித்திருந்தார்கள்.

"யார் சார் இதை வெளிய எடுத்தது?" என்றேன்.

"அதெல்லாம் எடுத்தாச்சும்மா. ஒண்ணும் ஆவல பாரு" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு சலீமைப் பார்த்துச் சிரித்தார். "என்னா பாய், குண்டப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா?"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். இந்த நகைச்சுவையை சலீம் சர்வீஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"தெரியும் சார். அதனாலதான் தொடக்கூடாதுன்றேன்" என்றான் அவன்.

நான் இன்ஸ்பெக்டரிடம் வாதாடினேன். வாளியோடு ஃபோட்டோ எடுங்கள், தூரத்திலிருந்து எடுங்கள் என்றேன். "வாளிய ஃபோட்டோ எடுத்தா பெயிண்ட் கடை விளம்பரம்னு நெனப்பாங்கம்மா" என்றார். இரண்டு கான்ஸ்டபிள்களைக் கூப்பிட்டு எடுத்து வைக்கச் சொன்னார். கோர்ஸ் வாசலையே மிதிக்காத பையன்கள். ஒருவன் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

சலீம் குறுக்கே போனான். "நீங்க நவுருங்கப்பா. நானே வைக்கிறேன் சார்."

என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "இதுங்க கை வச்சா மொத்தமா பூடும் அக்கா. நீயும் தள்ளிப் போ. ஒரு ஆளுதான்."

வைத்தான். ஒவ்வொன்றாக, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. அதிகாரிகள் வந்து நின்றார்கள். ஃபோட்டோ எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. சலீம் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக வாளிக்குள் திருப்பி வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, முடிந்தது என்று தலையாட்டினான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். இன்னொரு பேப்பரின் ஃபோட்டோகிராபர். "சார், டிராஃபிக்ல மாட்டிக்கினேன், ஒரே ஒரு ஸ்டில் சார்."

"பாய், இன்னொரு தடவ வச்சுடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேணாம் சார்!" என்று நான் கத்தினேன்.

"ஏம்மா கத்துற? இப்பதான வச்சாரு, என்னா ஆச்சு?"

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை, அதுதான் எங்களுக்கு எமன். சலீம் மறுபடியும் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னான். மேஜைக்கு வலதுபுறம் நின்றிருந்த அந்தக் கான்ஸ்டபிள் பையனைத் தோளைப் பிடித்துத் தள்ளியே விட்டான். குனிந்தான். மூன்றாவதை எடுத்தபோது வெடித்தது.

வெயிலா, உரசலா, எதனால் என்று யாருக்கும் தெரியாது. வேறு ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் சலீமின் தலை என் மடியில் இருந்தது. வலது காதில் ரத்தம். கை என்று சொல்வதற்கு ஒரு துணி மூட்டையைக் கட்டி வைத்திருந்தோம். "யாருக்காவது அடிபட்டுச்சா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் சொன்ன பதில் அவனுக்குக் கேட்கவில்லை.

3. தானாக முன்வந்தார்

உயிர் பிழைத்தான். வலது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் மட்டும் மிஞ்சின. மறுநாள் பேப்பரில் முதல் ஃபோட்டோ வந்திருந்தது. வெள்ளைத் துணி, குண்டுகள், பின்னால் அதிகாரிகள். சலீம் அதில் இல்லை. வைத்துவிட்டு நகர்ந்து நிற்பவனை யார் எடுப்பார்கள்?

விசாரணை நடந்தது. மேஜை போடச் சொன்னது யார் என்று கேட்டார்கள். யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: சலீமை யாரும் வற்புறுத்தவில்லை, "நானே வைக்கிறேன்" என்று தானாக முன்வந்தார், மற்றவர்களை விலக்கிவிட்டுத் தனியாகப் போனார். அவன் தள்ளிவிட்ட அந்தக் கான்ஸ்டபிளும் அதையேதான் சொன்னான். அவனுக்குப் புதுக் கல்யாணம், வேலை வேண்டும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய்.

ஒரே ஆள்தான் போகவேண்டும் என்பது எங்கள் விதி. நாலு உயிரைக் காப்பாற்றிய அந்த விதியையே எடுத்து அவன் கழுத்துக்குச் சுருக்குப் போட்டார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்டுக்கொண்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எமோஷனலா பேசுற. நீ ரெஸ்ட் எடும்மா" என்றார்.

எனக்குக் கிடைத்த ரெஸ்ட், கன்ட்ரோல் ரூம். ஓய்வு பெறும்வரை அங்கேதான். சலீமுக்கு அலட்சியம் என்று தண்டனை. பிறகு அவனையும் இரக்கப்பட்டு அங்கேயே போட்டார்கள். பக்கத்து நாற்காலி. இடது காதில் ரிசீவரை வைத்துக்கொள்வான். 'பாம் வச்சிருக்கு' என்று வருகிற வெத்து போன் கால்களை எல்லாம் அவன்தான் எடுப்பான். "எங்க சார்? தொடாதீங்க. எல்லாரையும் வெளிய வரச்சொல்லுங்க." ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே பொறுமையாகச் சொல்வான்.

4. இடது கை சல்யூட்

அந்த இன்ஸ்பெக்டர் படிப்படியாக மேலே போனார். சில வருஷம் கழித்து எங்கள் கன்ட்ரோல் ரூமுக்கே இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். நாங்கள் எழுந்து நின்றோம். இவர் சலீமைப் பார்த்ததும் என்ன செய்வார்? குறைந்தபட்சம் தலையையாவது குனிவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

சலீம் எங்கள் ஊர் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இடது கையால் சல்யூட் அடித்தான்.

அவர் நின்றுவிட்டார். "என்னாய்யா இது, லெஃப்ட்ல அடிக்கிற? எவன்யா ஒனக்கு ட்ரெய்னிங் குடுத்தது?"

சலீம் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினான்.

"அடடா. என்னாய்யா ஆச்சு கையில?"

சலீம் கையை மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"ஃபோட்டோ எடுத்தாங்க சார்" என்றான் சலீம்.

அவருக்கு விளங்கவில்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே விளங்கவில்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. "பாத்து வேலை செய்யணும்யா" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். சலீம் உட்கார்ந்தான். போன் அடித்தது, எடுத்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு புத்திமதி. குண்டைப் பற்றிக் கோர்ஸில் நன்றாகவே சொல்லித் தருவார்கள், மேஜையைப் பற்றிச் சொல்லித் தர மாட்டார்கள். யாராவது மேஜை போட்டு எடுத்து வைக்கச் சொன்னால் வாதாடாதீர்கள், வாதாடிப் பார்த்தவள் சொல்கிறேன். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "முதல்ல நீங்க ஒண்ணு வச்சுக் காட்டுங்க சார்" என்று சொல்லுங்கள். மேஜையை மடித்து எடுத்துக்கொண்டு அவர்களே போய்விடுவார்கள்.