அட்டையில் இருந்த சொல்

மருமகள் போன வாரம் வீட்டுக்குப் புது அழைப்புமணி வாங்கி மாட்டினாள். அமுக்கினால் ‘டிங்’ என்று ஒற்றை ஒலி. பால்காரர் அமுக்கினாலும் கைவேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறேன். பால்காரருக்குப் பயப்படுகிற கிழவி என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

அந்த ஒலியை முதலில் கேட்டது எண்பதுகளில், மெட்ராஸில் ஒரு டி.வி. போட்டியில். ஒருவர் கையில் அட்டை. அதிலுள்ள சொல்லைச் சொல்லாமல் அவர் குறிப்புக் கொடுக்க, ஜோடி கண்டுபிடிக்க வேண்டும். கையால் காட்டினால் டிங். கண்டுபிடிப்பவர் அதே பொருளில் வேறு சொல் சொன்னாலும் டிங். மூன்று டிங் விழுந்தால் ஆட்டம் போச்சு.

பொன்னேரியில் டைப் கற்றுக்கொண்டிருந்த நான்தான் கார்டு எழுதிப்போட்டு, எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து நைனாவையும் இழுத்துப் போனேன். முதல் பரிசு டிரான்சிஸ்டர். முந்தின ஐப்பசியில் புயல் செய்தி தெரியாமல் கடலுக்குப் போன நைனா மூன்றாம் நாள்தான் கரையேறினார். அதுவரை அம்மா அடுப்பு மூட்டவில்லை. அந்த டிரான்சிஸ்டர் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

விளக்குச் சூட்டில் முகத்துப் பவுடர் வழிந்தது. கடைசி அட்டைவரை எதிர் ஜோடியும் நாங்களும் சமம். நைனா எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்து தன் நெஞ்சைத் தொட்டார். டிங். பதறிப்போய் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“நான் உனக்கு யாரு?”

“நைனா.”

டிங். யாரோ சிரித்தார்கள்.

“அதாம்மா. புத்தகத்துல இன்னான்னு போட்டிருக்கும்?”

“தந்தை.”

டிங்.

அட்டையைத் திருப்பிக் காட்டினார்கள்: அப்பா. அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிட்டோம். அவர் மட்டும் எப்படியோ நைனா. டிரான்சிஸ்டரை வாங்கிய ஜோடிக்கு நானும் கை தட்டினேன். அவர்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் போகிறவர்களாகத் தெரியவில்லை.

ரயிலில் மீஞ்சூர் வரை அழுதேன். “அவன் அட்டையில தப்பா எழுதிட்டான். நீ சரியாத்தான் சொன்ன,” என்றார் நைனா.

என் சம்பளத்தில் டிரான்சிஸ்டர் வர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை ஐப்பசிக் காற்று எழும்போதெல்லாம் கரையில் நின்று, அப்பா, அப்பா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்போது மட்டும் அந்தச் சொல் தடையில்லாமல் வந்தது. அவரும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். கடைசியில் கட்டிலில்தான் போனார்.

நேற்று சாயங்காலம் டிங் என்றது. “அப்பா வந்தாச்சு” என்று பேரன் கதவுக்கு ஓடினான். முதல் தடவையிலேயே சரியாகச் சொல்கிறான். நைனா என்று கூப்பிட எங்கள் வீட்டில் இனி ஆளில்லை.