கரிவலத்துக்குக் கொண்டுபோன பொங்கல்படி

இந்தத் தையில், 1983இல், சங்கரன்கோவில் பக்கம் மூன்று நாள் இருந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை. பொங்கல் சாப்பாட்டுக்காகப் போனேன் என்று சொன்னால் பாதி உண்மை.

திருநெல்வேலிச் சீமையின் பொங்கல் இலையைப் பற்றி எனக்குச் சொன்னவன் ஆவுடையப்பன். சென்னையில் விடுதி அறையில் என்னோடு இருந்தவன். ஊர் பனவடலிசத்திரம். மெஸ்ஸில் உருளைக்கிழங்கு வரும்போதெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்வான்: "இதெல்லாம் கிழங்கால? தைக்கு எங்கூருக்கு வா. கிழங்குன்னா என்னன்னு காட்டுதேன்." ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டான். நான் போகவில்லை. ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். இந்த முறை கூப்பிட யாரும் இல்லை. போனேன்.

எழும்பூரில் மாலை கொல்லம் மெயில். இரண்டாம் வகுப்பு, முன்பதிவு இல்லாத பெட்டி. பண்டிகைக் கூட்டம். விழுப்புரம் வரை நின்றேன். மதுரையில் விடிந்தது. ராஜபாளையம் தாண்டியதும் மேற்கே மலை, கிழக்கே காய்ந்த நிலம். கண்ணில் கரி. சங்கரன்கோவிலில் இறங்கியபோது பத்தேமுக்கால். முக்கால் மணி தாமதம்.

ஆவுடையின் அப்பா நிலையத்தில் நின்றிருந்தார். நான் வருவதைச் சொல்லியிருந்தேன். என் பையை வாங்கிக்கொள்ளவில்லை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

"தம்பி, நம்ம வீட்ல இந்த வருஷம் பொங்கல் கிடையாது. ஒரு வருஷத்துக்குப் பானை ஏறாது. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ."

தெரியாது. எங்கள் பக்கத்தில் தீட்டு பதினாறு நாளோடு முடிந்துவிடும். சும்மா உங்களோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"இருக்க வேண்டாம். ஒரு காரியம் செய்யணும்."

தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். மகள் கோமதிக்கு ஆவணியில் கல்யாணம். கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இது அவளுக்குத் தலைப்பொங்கல். முதல் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து படி போக வேண்டும். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு, காய், கிழங்கு. அண்ணனோ தம்பியோ கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்தப் பானையில்தான் அவள் பொங்கல் வைக்க வேண்டும். படி வராத பெண்ணுக்குத் தலைப்பொங்கல் இல்லை. பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிட்டது என்று ஊர் பேசும்.

ஆனால் துக்க வீட்டுச் சாமான் பொங்கல் பானையில் விழக்கூடாது. பங்காளி வீடுகளுக்கும் இந்த வருடம் பண்டிகை இல்லை. தாய்மாமன் கிடையாது. அப்படியானால் யார்?

"அவன் கூட ஒரு தட்டுல தின்ன ஆளு நீங்க. எங்க ரத்தமும் இல்ல. உங்களுக்குத் தீட்டும் இல்ல. கடையில வாங்கி, எங்க வாசல் மிதிக்காம, நேரா கொண்டு போயிருங்க."

துட்டை என் சட்டைப் பையில் வைத்தார்.

"இதுக்குத் தீட்டு இல்லையா?" என்றேன்.

"துட்டுக்கு எந்த ஊர்லயும் தீட்டு கிடையாது தம்பி." சிரிக்க முயன்றார்.

சந்தைக்கு நடந்தோம். அன்று போகி. கரும்புக் கட்டுகள் தெருவை அடைத்துக் கிடந்தன. அவர் எதையும் தொடவில்லை. தாடையால் காட்டுவார், நான் எடுப்பேன். சேனையைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். எனக்குத் தட்டத் தெரியவில்லை. சேம்பு, அவரைக்காய், பனங்கிழங்கு, மஞ்சள் பூசணியில் ஒரு கீற்று. அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிறுகிழங்கு, ஆற்று மணல் ஒட்டிய சாம்பல் நிறத்தில்.

கடைக்காரர் பொறுமை இழந்தார். "அண்ணாச்சி, கையைக் கட்டிக்கிட்டு வாங்கினா காய் எப்படித் தெரியும்? தொட்டுப் பாரும்வே."

பக்கத்துக் கடைக்காரர் எட்டி இவர் காதில் அவரைக் காட்டி ஏதோ சொன்னார். கடைக்காரர் இரண்டு கை சிறுகிழங்கை அள்ளி நிறுக்காமல் போட்டார்.

பேருந்து நிலையத்தில் ஆவுடையின் அம்மா இருந்தாள். அவள் வருவாள் என்று அவருக்கும் தெரியாது. பனவடலிசத்திரம் பஸ்ஸில் இருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள். காலில் செருப்பு இல்லை. கையில் ஒரு துணி மூட்டை. விரல் நகங்களில் செம்மண்.

"ஏட்டி, உன்னைய யாரு வரச் சொன்னா?"

அவள் என்னைப் பார்த்துப் பேசினாள். "மக்கா, இது அவன் நட்டது. கல்யாணத்துக்கு வந்தப்ப கிணத்தடியில சிறுகிழங்குக் கொடி ஊனிட்டுப் போனான். தங்கச்சி தலைப்பொங்கலுக்குன்னு. இந்த மண்ணுல வெளையாதுலன்னு இவுக சிரிச்சாக. வெளைஞ்சிருக்கு."

"துக்க வீட்டுச் சாமானப் பானையில போடுவாகளா? கோமதி மாமியா தூக்கித் தெருவுல எறிஞ்சிருவா. பிள்ளைதான் அங்கன வாழணும்."

"நான் வீட்டுக்குள்ள கொண்டு போகல. தோண்டுனேன், வரப்பு வழியா ரோட்டுக்கு வந்தேன், பஸ் ஏறிட்டேன். வாசல் தாண்டாததுக்கு என்னய்யா தீட்டு?"

"நீ தொட்டிருக்கியே."

"மண்ணு அப்பி இருக்குல்லா. நான் மண்ணத்தான் தொட்டேன். கிழங்கத் தொடல."

கரிவலம் போகும் பஸ் வந்தது. அவள் மூட்டையை என் காலடியில் தரையில் வைத்தாள். என் கையில் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். மூன்று கிலோ இருக்கலாம்.

சங்கரன்கோவிலில் இருந்து கரிவலம்வந்தநல்லூர் வடக்கே பதினோரு கிலோமீட்டர். ராஜபாளையம் போகும் பஸ் எல்லாமே நிற்கும். ஒரு ரூபாய் பத்து பைசா. பண்டிகை நாளில் அரை மணிப் பயணம். கரும்பைக் கூரையில் போட்டார்கள். நடத்துநர் பானையைப் பார்த்தார்.

"தலைப்பொங்கப் படியா? தங்கச்சிக்கா?"

ஆமாம் என்றேன்.

"அப்பம் லக்கேஜ் கிடையாது. பானைய மட்டும் கவுத்து வைக்காதீரும். தங்கச்சி மாமியா பாத்தா உம்மக் கவுத்துருவா."

பஸ் சிரித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோமதியின் வீடு பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிடம். கரும்பைப் பார்த்ததும் தெருவில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கோமதி நிலைப்படியில் வந்து நின்றாள். கரும்பைப் பார்த்தாள். அதைத் தூக்கி வருகிற ஆளைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ எழுந்து, அப்படியே அடங்கியது. அண்ணனின் சிநேகிதன் என்று தெரிந்துகொண்டாள். "வாங்க" என்றாள். அவள் காலையில் இருந்து சாப்பிடவில்லை என்று புருஷன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். படி வரும் வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்றாளாம். நேற்றும் அரைகுறைதான்.

மாமியார் படியை முற்றத்தில் இறக்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பானையைச் சுண்டிப் பார்த்தாள். சேனையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். கடைசியில் துணி மூட்டை. அவிழ்த்தாள். சிவப்பு.

மண்ணைக் கிள்ளி விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள்.

"சிறுகிழங்கு ஆத்து மணல்ல வருத சாமான். இது எந்தூரு மண்ணு தம்பி?"

பொய் சொல்லத் தோன்றியது. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. கோமதி கரும்பைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரலில் சொன்னேன். ஆவுடை நட்டது. வாசல் தாண்டவில்லை. மண்ணைத்தான் தொட்டார்கள்.

அவள் மூட்டையைத் திரும்பச் சுற்றினாள்.

"ஏ கோமதி, மஞ்சக்குலைய உள்ள கொண்டு போயி வையி. அங்கனயே இரி."

கோமதி உள்ளே போனாள். மாமியார் மூட்டையைக் கிணற்றடிக்கு எடுத்துப்போனாள். இரண்டு வாளி தண்ணீர். செம்மண் கரைந்து வாழையடிக்கு ஓடியது. சிறுகிழங்கைக் கத்தியால் சீவ மாட்டார்கள். சாக்கில் போட்டு, துவைக்கும் கல்லில் அடித்து, கசக்கினால் தோல் உரியும். அவள் ஒரு சாக்கை எடுத்தாள். கடைக் கிழங்கைக் கொட்டினாள். அதன் மேலேயே இதையும் கொட்டினாள். வாயைச் சுருட்டிப் பிடித்துக் கல்லில் அடித்தாள். பல முறை.

"இனி எது எதுன்னு சாமிக்கும் தெரியாது. நான் ஒண்ணும் பாக்கல. நீங்க ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சுதா?"

சாக்கைத் திறந்தபோது எல்லாமே வெள்ளையாக இருந்தன.

மறுநாள் விடியுமுன் வாசலில் அடுப்புக்கட்டிகள் வைத்துப் பானை ஏற்றினார்கள். விறகு இல்லை, காய்ந்த பனை ஓலை. படபடவென்று எரியும். விடாமல் திணித்துக்கொண்டே இருக்க வேண்டும். கோமதி புதுச் சேலையில் ஓலை திணித்தாள். பால் பொங்கியதும் குலவை போட்டார்கள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. புகை, கண்ணீர். அந்த நேரத்தில் யாரும் பிரித்துக் கேட்பதில்லை.

இலையைச் சொல்கிறேன். அதற்காகத்தானே போனேன். வெண்பொங்கல் என்றால் மிளகு, நெய் போட்டதில்லை. வெறும் பச்சரிசியும் பாலும், குழைய. அதன் மேல் துவரம்பருப்புச் சாம்பார். அதில் பூசணி, கத்தரி, வாழைக்காய், முருங்கை. சேம்பு புளிக்குழம்பில். சேனை தனியாக வறுவல். அவரைக்காய் தேங்காய்ப்பூவோடு. பக்கத்தில் சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, அவித்த பனங்கிழங்கு ஒன்று. இலையின் தலைமாட்டில் சிறுகிழங்குப் பொரியல். நல்லெண்ணெயில், சின்ன வெங்காயத்தோடு. வாயில் வைத்தால் மாவு. கடைசியில் ஒரு மண் வாசனை. ஆவுடை சொன்னது இதுதான். படி கொண்டுவந்தவனுக்கு முதல் இலை. அவன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கோமதி பரிமாறினாள். மாமியார் அடுப்படிக்குப் போன நேரத்தில் குனிந்து கேட்டாள்.

"எங்கம்மா ஒண்ணும் குடுத்து விடலையா? கிணத்தடியில கொடி போட்டுருக்கேன்னு அண்ணன் சொல்லிட்டுப் போச்சு."

சொல்லக் கூடாது என்று வாக்கு. இலையில் இருந்த பொரியலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"எது?"

"கலந்துவிட்டது."

எல்லோரும் எழுந்த பிறகு அவள் உட்கார்ந்தாள். பொரியலை மட்டும் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்தாள். சிறியதை ஒரு பக்கம், பெரியதை ஒரு பக்கம். பிறகு அதையும் கலைத்தாள். சாப்பிட ஆரம்பித்தாள். முடித்தாள். இன்னும் போட்டுக்கொண்டாள். முடித்தாள். மறுபடியும் கை நீண்டது.

புருஷன் வாசலில் இருந்து சிரித்தார். "ஏட்டி, விரதம் இருந்தவ வட்டியும் முதலுமா வாங்குதா பாரு. நாளைக்குச் சுண்டக்கறிக்கு வையி."

பொங்கல் மறுநாள் மிஞ்சிய கறி, குழம்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சுண்ட வைப்பார்கள். பழைய சோற்றோடு அதைச் சாப்பிடுவது இந்தப் பக்கத்தில் பொங்கலைவிடப் பெரிய விஷயம். சிறுகிழங்கு இல்லாவிட்டால் அது சுண்டக்கறியே இல்லை என்பார்கள்.

மாமியார் சட்டியோடு வந்தாள். அடியில் இருந்ததை வழித்து மருமகள் இலையில் கவிழ்த்தாள்.

"தின்னட்டும்ல. சுண்டக்கறி அடுத்த வருஷம் திங்கலாம்."

கோமதி நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றாள். எது அண்ணனுடையது என்று தெரியாததால் எல்லாவற்றையும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். போகியன்று காலை பதினொரு மணிக்குள் சங்கரன்கோவில் சந்தைக்குப் போய்விடுங்கள். பிறகு நல்ல மஞ்சள்குலை கிடைக்காது. பொங்கலன்று உணவுக் கடைகள் திறக்காது. தெரிந்த வீடு இருந்தால் மட்டும் போங்கள். மாட்டுப் பொங்கலன்று சங்கரன்கோவிலில் இருந்து பனவடலிசத்திரத்துக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. தூரம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். பஸ் தவறினால் மாட்டு வண்டியும் கிடைக்காது. எந்த வீட்டுக்குப் போவதாக இருந்தாலும், அந்த வருடம் அங்கே சாவு விழுந்ததா என்று கேட்டுக்கொண்டு போங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சமைத்த உணவை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

நான் தூக்குவாளியில் சிறுகிழங்கு இல்லாத சுண்டக்கறி கொண்டுபோனேன். கோமதியின் மாமியார் கொடுத்துவிட்டது. பனவடலிசத்திரத்தில் வாசலில் கோலம் இல்லை. அப்பா கனத்த போர்வையைப் போர்த்தி உள்ளே படுத்திருந்தார். அம்மா தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள். கரண்டியால் கிளறினாள். கிழங்கைத் தேடுகிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.

"எல்லாவற்றையும் கோமதியே சாப்பிட்டுவிட்டாள் அம்மா."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்."

மூடியை வைத்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது.

"மாவாட்டம் வெந்துச்சா மக்கா? புது மண்ணாச்சே. ஒண்ணுகூட எடுத்து வைக்காம எல்லாத்தையும் தோண்டிட்டேன். வேகுமா வேகாதான்னு எனக்குத் தெரியல."

வெந்தது என்றேன்.