நைனாவின் கால்களுக்குக் கர்த்தர் கொடுத்த வேலை

எங்கள் நைனா, என்னைப் பெற்ற அப்பா, அபினுக்கு அடிமையாகிக் கிடந்தார். இதை மறைத்து எழுதினால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதட்டுமா என்று அவரையே கேட்டேன். "எழுது. யோசேப்புன்னு என் பேர போட்டே எழுது" என்றார்.

எங்கள் வீடு திருவாமாத்தூருக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு தெருவில் இருக்கிறது. எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. நைனா பண்ணைக்காரருடைய கிணற்றில் ஏற்றம் மிதிப்பவர். கிணற்றுக்கு மேலே நீளமான துலாமரம் இருக்கும். அதன்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். கீழே ஒருவர் சால் என்கிற இறைவாளியைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்க்க வேண்டும். விடிந்ததிலிருந்து வெயில் உறைக்கும்வரை நைனா அந்த மரத்தின்மேல் நடந்தார். அப்படி நடந்துதான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். திண்டிவனத்தில் போர்டிங்கில் தங்கிப் படித்தேன். அங்கேயே ஆசிரியப் பயிற்சியிலும் சேர்ந்தேன். விழுப்புரத்தில் ரயில் ஏறும்போது ஸ்டேஷன் பலகையை நைனாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அவர் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைக்க இன்றும் எனக்குப் பெருமைதான்.

1958-ஆம் வருஷம் மாசி மாதம் நைனா ஏற்றத்திலிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. எழுந்து நடமாடினாலும் வலி போகவில்லை. யாரோ ஒருவர் கடுகளவு அபினை உருட்டிக் கொடுத்து, "இத முழுங்கு, வலி எங்க போச்சுன்னே தெரியாது" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. வலி போனது. கடுகு மிளகாயிற்று. மிளகு சுண்டைக்காய் ஆயிற்று. அதே வருஷம் பண்ணைக்காரர் கிணற்றுக்கு ஆயில் என்ஜின் வந்தது. இடுப்பு ஓரளவு ஆறியபோது மிதிக்க ஏற்றமும் இல்லை.

அதன் பிறகு நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், உட்கார்ந்தே இருந்தார். கண் பாதி மூடியிருக்கும். பசி என்று கேட்கமாட்டார். நான் லீவுக்கு வந்தால், "எப்ப வந்த?" என்பார். சிறிது நேரம் கழித்து மறுபடியும், "எப்ப வந்த?" என்பார். உருண்டை கிடைக்கத் தாமதமானால் கொட்டாவி மேல் கொட்டாவி வரும். மூக்கும் கண்ணும் ஒழுகும். குளிரில் நடுங்குகிறவரைப்போல் நடுங்குவார். முதலில் சர்க்கார் அனுமதித்த அபின் கடையிலேயே வாங்கினார். சர்க்கார் அதை மூடிய பிறகு விழுப்புரம் சந்தைக்குப் பின்னால் ஒளித்து விற்பவன் ஒருவனைக் கண்டுபிடித்தார்.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் நைனாவைத் திட்டவில்லை. "ஒரேயடியா நிறுத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கினே வாங்க" என்றார். அம்மா உருண்டையைத் தன் முந்தானையில் முடிந்துவைத்து, நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் குறைத்துக் கொடுத்தாள். ஆனால் குறைக்கும்போதெல்லாம் நைனா துடித்தார். துடிப்பைப் பார்க்க முடியாமல் அம்மா மறுபடியும் கூட்டினாள்.

எங்கள் தெருவில் இதற்கென்று ஒரு வைத்தியம் உண்டு. அபின் தின்கிறவன் உடம்பு அனல், வெயில் பட்டால் இரத்தம் கொதித்துவிடும், அதனால் நிழலில் அசையாமல் படுக்க வைத்துப் பாலும் நெய்யும் கொடுக்க வேண்டும் என்பார்கள். நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, காலையிலும் மாலையிலும் ஆட்டுப்பால் கொண்டுவந்து தருவாள். "அசையாத அண்ணே. அசஞ்சா ரத்தம் கொதிச்சுரும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். நாங்கள் கதவைச் சாத்தி, ஓலை ஜன்னலை மூடி, அவரைக் கண்ணாடிப் பாத்திரம்போல் காத்தோம். அவரோ அந்த இருட்டில் இன்னும் கெட்டுக்கொண்டே போனார்.

1960-ஆம் வருஷம் கோடை லீவுக்கு வந்தபோது நைனாவின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. அவர் அந்த வருஷத்தைத் தாண்டமாட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்மா மறுபடியும் அளவைக் குறைத்திருந்தாள். நைனா பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டே இருந்தார். எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார். இரண்டு கால்களும் நிற்கவேயில்லை. தூக்கம் கண்ணை எட்டியும் பார்க்கவில்லை.

நான் அடுப்பங்கரையில் முழங்காலிட்டேன். "கர்த்தாவே, எங்க நைனாவுக்குக் கொஞ்சம் தூக்கம் கொடும். வேறொன்றும் கேட்கமாட்டேன்" என்று அழுதேன். நெஞ்சு காய்ந்துபோகும்வரை அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது வாசலில் மாரிமுத்து நின்றார். நைனா ஏற்றம் மிதித்த காலத்தில் கீழே சால் பிடித்தவர் அவர்தான். எங்கள் சபைக்கு ஜெப வீட்டின் பின்னால் கொஞ்சம் நிலமும் கிணறும் உண்டு. அறுப்பின் பண்டிகைக்குப் படைக்க அங்கே கேப்பை பயிரிடுவோம். கூலிக்கு அங்கே சால் பிடிப்பவரும் மாரிமுத்துதான். ஏற்றம் மிதிப்பவருக்குக் காய்ச்சல், நாற்று வாடுகிறது, சபையை நடத்தும் உபதேசியாருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல வந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் நைனா காலை உதைப்பதைக் கண்டார்.

"இன்னா மச்சான், பாயப் போட்டு இந்த மிதி மிதிக்கிற? இத அங்க வந்து ஏத்தத்துல மிதிச்சா நாத்தாவது பொழைக்கும்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மனுசன் சாவக் கெடக்குறான், ஒனக்கு நக்கலா? போய்யா அந்தாண்ட!"

ஆனால் நைனா எழுந்து உட்கார்ந்தார். "வுடு. அவன் சொல்றது சரிதான். இந்தக் காலு படுத்துக்கினு இருக்கமாட்டேங்குது."

நாங்கள் தடுத்துப் பார்த்தோம். அத்தை வாசலை மறித்தாள். அவர் அவளை விலக்கிவிட்டு மாரிமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். வெளிச்சத்தில் கண் கூசித் தடுமாறினார். கிணற்றடியில் உபதேசியார் கையைக் குறுக்கே நீட்டினார்.

"வாணாம் யோசேப்பு. அதுலேர்ந்து வுழுந்துதானே இவ்ளோ பேஜாரும்."

"படுத்துக்கினே சாவறதுக்கு, மிதிச்சுப் பாத்துட்டு சாவறேன் ஐயா."

உபதேசியார் என்னைப் பார்த்தார். படித்த பெண் என்று என் வார்த்தைக்குக் காத்திருந்தார் போலிருக்கிறது. தூக்கம் கேட்டு இப்போதுதான் ஜெபித்தேன், இவர் மரத்தில் ஏறுகிறாரே என்றுதான் நினைத்தேன். கடைசியில் மாரிமுத்து ஒரு மூங்கிலைக் கொண்டுவந்து கைப்பிடியாகக் கட்டினார். நைனா ஏறினார். அம்மா கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள், விழுந்தால் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துவிடலாம் என்று.

துலாமரத்தின் நடுவை விட்டு நைனா அதிகம் நகரவில்லை. முழங்கால் வெடவெடத்தது. சால் அரைகுறையாக மேலே வந்தது.

"மச்சான், தண்ணி எறைக்கிறியா, நாத்துக்குப் பாலாடையில ஊட்டறியா?" என்றார் மாரிமுத்து.

மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. நைனா சிரித்தார். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! ஒருமுறை இறங்கி வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் ஏறினார். நாற்றங்காலில் பாதிக்குக்கூடத் தண்ணீர் எட்டவில்லை. ஆனால் இறங்கியபோது அவர் உடம்பெல்லாம் வேர்வை. "கால் பிடுங்கறது கொறஞ்சிருக்குது" என்றார். பக்கத்துப் புங்கமர நிழலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார்.

அம்மா பதறிப் போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. குறட்டையும் வந்தது.

நட்ட நடுப்பகலில், வெயிலும் நிழலும் மேலே ஆட, எங்கள் நைனா தூங்கினார். நான் கேட்டது அதுதான். கர்த்தர் அதை இருட்டு அறைக்குள் அனுப்பவில்லை. கிணற்றடியில் வைத்திருந்தார். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போக, எங்கள் ஜெப வீட்டுக்குள் கால் வைக்காத மாரிமுத்துவை அனுப்பினார். நான் அந்த மர நிழலிலேயே உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

எழுந்ததும் நைனா கேட்டது கூழ். கேப்பைக் கூழும் பச்சை வெங்காயமும். அம்மா அழுதுகொண்டே கரைத்தாள்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது சாட்சி அல்ல. மறுநாளும் நடுங்கினார். அதன் பிறகும் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கிறார். டாக்டர் சொன்னபடி குறைப்பதை அம்மா விடவில்லை. ஆனால் இப்போது குறைத்த அளவை அவர் உடம்பு தாங்கியது. காலையில் மிதித்தார், பகலில் பசித்தது, இரவில் தூங்கினார். கேப்பை கதிர் விட்டபோது அம்மா முந்தானையில் முடிய எதுவும் இல்லை. ஏற்றம் மட்டும் அவரைக் குணமாக்கியது என்றும் சொல்லமாட்டேன். டாக்டரின் புத்தி, அம்மாவின் காவல், மாரிமுத்துவின் கேலி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய கை ஒன்று இருந்தது.

அந்த வருஷம் ஆடியிலும் ஆவணியிலும் மழை இல்லை. கேப்பை அறுத்து, அடுத்துக் கத்தரி நட்டார்கள். நைனா மிதித்துக்கொண்டே இருந்தார். நான் திண்டிவனத்துக்குத் திரும்பியிருந்தேன். ஐப்பசியில் எங்கள் போர்டிங்கில் எல்லோரும் மழைக்காக உபவாசம் இருந்தோம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காய்ந்து, மாடுகள் தண்ணீருக்கு அலைந்த காலம் அது. எல்லோரும் மழை கேட்டார்கள். எனக்கு மட்டும் உதடு அசையவில்லை. மழை வந்தால் பயிருக்கு இறைக்க வேண்டியிருக்காது, ஏற்றம் நிற்கும். ஏற்றம் நின்றால் நைனா என்ன ஆவார்? ஊர் ஜனங்களின் வயிற்றுக்கு விரோதமாகவும் என்னால் ஜெபிக்க முடியாது. "மழையும் வேணும் ஆண்டவரே, எங்க நைனாவும் வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

மழை வந்தது. விடாமல் பெய்தது. பிள்ளைகள் முற்றத்தில் நனைந்து ஆடினார்கள். நான் ஜன்னலருகே நின்றேன்.

மழை விட்ட மறுநாள் சாயங்காலம், உன்னைப் பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று வார்டன் அம்மா கூப்பிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நைனா நின்றார். முழங்கால்வரை சேறு. காலில் செருப்பு இல்லை. பாதங்கள் வீங்கியிருந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. முதலில் அவர் கண்ணைத்தான் பார்த்தேன். கண் முழுதாகத் திறந்திருந்தது.

"எப்படி வந்த நைனா? ரயில்லயா?"

"நடந்து."

காவலாளி சிரித்தார். "ஏன் பெரியவரே, உங்க ஊருக்கு பஸ்ஸு வுடலியா?"

நைனா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஏத்தம் சும்மா நிக்குது. ஒடம்பு ஒரு மாதிரி ஆயிப்போச்சு எஸ்தரு. விடிஞ்சதும் விழுப்புரம் போயிட்டேன். சந்தைக்குப் பின்னால அவன் ஒக்காந்துகினு இருந்தான். கூப்ட்டான்."

"வாங்கினியா?"

"நின்னா வாங்கிருவேன்னு தெரிஞ்சுது. அதான் நிக்கல. அப்படியே ரோட்டப் புடிச்சு நடந்தேன். விக்கிரவாண்டி வந்துச்சு. அப்பவும் மனசு திரும்பு திரும்புன்னுது. கர்த்தாவே, கால வுட்றாதன்னு சொல்லிக்கினே நடந்தேன். மயிலம் ரோடு தாண்டினப்புறந்தான் அடங்குச்சு. பாத்தா திண்டிவனம் கிட்ட வந்துருக்குது. வந்தது வந்தோம், ஒன்ன ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வார்டன் அம்மா வெந்நீரும் உப்பும் கொடுத்தார்கள். வராந்தாவில் உட்கார வைத்து அவர் பாதங்களைக் கழுவினேன். "ஜல்தியா வுடு, எல்லாரும் பாக்குறாங்க" என்று கூச்சப்பட்டார். பார்க்கட்டும் என்றேன். மழையையும் கொடுத்து நைனாவையும் கொடுத்த கர்த்தருக்கு அந்த வராந்தாவிலேயே நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு நைனா மழைக்கும் பயப்படவில்லை. ஏற்றம் இல்லாத நாட்களில் உபதேசியாரோடு ஊர் ஊராக நடக்கிறார். மனசு அரிக்கும் நாட்கள் இன்னும் வருவதுண்டு, அன்றைக்குக் கூடுதலாக நடப்பேன் என்கிறார். அபினைத் தொடவில்லை. 1962-இல் எனக்கு முகையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் நாள் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்குமிடத்திலிருந்து நைனா முன்னால் போனார். வெறுங்கையோடு வந்த எனக்கு மூச்சு வாங்கியது.

"இன்னா வாத்தியாரம்மா, அதுக்குள்ளயா?" என்று திரும்பிப் பாராமலே கேட்டார்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் சுவரோரம் சுருண்டு கிடக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணீரோடு கர்த்தரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்டது நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் கிடைக்காமல் போகலாம், அதற்காகக் கேட்பதை விடாதீர்கள். கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்து, தெருமுனை வரையிலாவது கூட நடந்து போங்கள். எங்களுக்கு இரங்கியவர் உங்களுக்கும் இரங்குவார்.

நம்ப முடியாதவர்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள். யோசேப்பு என்று கேட்டால் காட்டுவார்கள். வீட்டில் மட்டும் தேடாதீர்கள். அவர் அங்கே இருக்கமாட்டார்.