விருச்சிகம் இல்லாத காலை

பொழிச்சலூரில் பத்திரிகையை யாரும் கையில் தருவதில்லை. விடிந்ததும் வீதியில் ஒரு சைக்கிள் மெதுவாகும். சுருட்டி ரப்பர் பட்டி போட்ட பத்திரிகை மாடிக்குப் பறந்து வந்து எங்கள் கதவில் அடித்து விழும். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அம்மா அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார். கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அதை எடுப்பார். கண்ணில் புரை விழுந்ததால் அவரால் வாசிக்க முடியாது. என்னிடம் தந்து, "அவன்ரையை வாசி" என்பார்.

அவன் என் தம்பி வசந்தன். விருச்சிக ராசி. அவன் எங்களோடு இல்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதும் எங்களுக்குத் தெரியாது. யுத்த காலத்தில் ஒரு காலை யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து சைக்கிளில் ரியூசனுக்குப் போனான். திரும்பி வரவில்லை. நாங்கள் தேடாத முகாம் இல்லை, படம் கொடுக்காத அலுவலகம் இல்லை. அப்பா இறந்த பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு நான் கடல் கடந்து இந்தப் பக்கம் வந்தேன். பம்மலில் ஓர் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்கிறேன்.

ஊரில் நாங்கள் பத்திரிகையை எந்தப் பக்கத்திலிருந்து திறப்போம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மரண அறிவித்தல் பக்கம். யார், எங்கே பிறந்து எந்த நாட்டில் போனார் என்று பார்த்த பிறகுதான் மற்றச் செய்தி. அந்தப் பக்கத்தை அம்மா வெறுத்தார். இங்கே சனம் ராசிபலனில் தொடங்குகிறது. பஸ்சில், தேநீர்க் கடையில், மருத்துவமனை வரிசையில் பக்கத்து ஆளின் தோளுக்கு மேலால் எட்டித் தங்கள் ராசியை வாசித்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு இந்த ஊரில் முதலில் பிடித்தது இதுதான். இந்தப் பக்கத்தில் எல்லோருமே உயிரோடு இருக்கிறார்கள்.

தம்பிக்கு ராசிபலனில் நம்பிக்கை கிடையாது. பேப்பர் தட்டுப்பாட்டால் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்களில், தேநீரோடு உட்கார்ந்து வானொலி அறிவிப்பாளரின் குரலில் அதை வாசிப்பான். "விருச்சிக ராசி நேயருக்கு இன்று இனிப்பான செய்தி" என்று தேநீருக்கு இன்னொரு கரண்டி சீனி கேட்பான். சீனி கிடைக்காத காலம். அம்மா ஏசிக்கொண்டே போடுவார். அவன் போன காலையும் அப்படித்தான் வாசித்தான். "பிரயாணத்தில் தாமதம் ஏற்படும்." சொல்லிச் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தான். அன்றிலிருந்து, யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் அம்மா ஒன்றைத்தான் சொல்வார். "தாமதம் எண்டுதானே போட்டிருந்தது."

கீழ்வீட்டில் எஸ்தர் டீச்சர் இருக்கிறார். வீட்டின் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் தனியாகப் பத்திரிகை வாங்குவதில்லை. பத்திரிகை எங்களுடையது, அதிலுள்ள குறுக்கெழுத்து அவருடையது. காலைச் சாப்பாடு முடிந்ததும் பென்சிலோடு மேலே வருவார். ராசிபலன் இருக்கும் பாதியை உள்ளே மடித்துவிட்டுத்தான் கட்டங்களைத் தொடுவார். "நாங்க இதெல்லாம் பாக்கக் கூடாதும்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மா தப்பாக எடுக்கவில்லை.

போன ஆடியில் ஊரிலிருந்து சித்தப்பா அழைத்தார். வீட்டுக் காணியைப் பெயர் மாற்ற வேண்டும், அதற்கு வசந்தனின் மரணச் சான்றிதழ் வேண்டும், அம்மா கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம். "அண்ணி, இன்னும் எவ்வளவு காலத்துக்கு? நீங்கள் வைச்சால் அவன்ரை ஆத்மாவும் ஆறும்" என்றார். அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த வாரம் முழுக்க விருச்சிகத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

அப்படியான ஒரு காலையில்தான் அது நடந்தது. துலாம் வாசித்து இறங்கினேன், அடுத்தும் துலாம். அதன் கீழே தனுசு. பக்கம் அமைத்தவர் ஒன்றையே இரண்டு தரம் ஒட்டியிருக்கிறார். எனக்கு அந்த வேலை தெரியும், நானும் செய்த பிழைதான். ஆனால் என் குரல் நின்றதை அம்மா கவனித்துவிட்டார்.

"என்ன, கூடாத பலனோ?"

"இல்லையம்மா. விடுபட்டுப் போச்சு. வேறை பேப்பர் வாங்கிக்கொண்டு வாறன்."

சந்தியில் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் முகவர் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாத்துலயும் அப்டித்தாங்க்கா வந்துகீது. காலைலேந்து போன் மேல போன், ஒரே பேஜாரு. உன் ராசியாக்கா?"

"இல்லை, தம்பியின்ரை."

"தம்பி எங்க கீறாரு?"

எங்கள் பேச்சில் 'வெளியிலை' என்றால் வெளிநாடு. தெரியாதவர்கள் கேட்டால் மேற்கொண்டு பேச்சு வளராமலிருக்க நாங்கள் சொல்லிப் பழகிய பதில். "வெளியிலை நிக்கிறார்" என்றேன்.

"வெளியவா? கூப்டுக்கா உள்ள. இன்னாத்துக்கு வெயில்ல நிக்க வச்சிகினு கீற?"

அவர் கட்டுகளுக்கு மேலால் கழுத்தை நீட்டி எனக்குப் பின்னால் வீதியைப் பார்த்தார். நானும் திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு தண்ணீர் லாரி நின்றது. அதன் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவன், ஒரு காலை நிலத்தில் ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். வசந்தனுக்கு இப்போது அந்த வயதுதான் இருக்கும். அவனுடைய காதோரம் நரைத்திருந்தது. தம்பியை நான் ஒரு நாளும் நரையோடு நினைத்துப் பார்த்ததில்லை. அவன் என்னை நேராகப் பார்த்தான், யாரோ என்று பார்த்தான், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுக் கடைக்குள் போனான்.

"யாரையும் காணோமேக்கா" என்றார் முகவர்.

வேறு பத்திரிகை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா அதைக் கையாலும் தொடவில்லை. "அது வேறை ஆக்கள் எழுதுறது." தட்டில் இட்லி அப்படியே இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவனை எடுத்துப்போட்டாங்கள். சித்தப்பாவுக்குச் சொல்லு, நான் கையெழுத்து வைக்கிறன்."

ஒரு கணம் எனக்கு உடம்பு லேசானது. உண்மையைச் சொல்ல வேண்டும். இனிக் காலையில் யாருக்காகவும் வாசிக்க வேண்டாம் என்று தோன்றியது. அடுத்த கணமே எங்கள் பத்திரிகையை எடுத்து, துலாத்துக்கும் தனுசுக்கும் நடுவில் மறுபடி தேடினேன்.

அப்போது டீச்சர் பென்சிலோடு வந்தார். தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் எங்கள் பத்திரிகையை வாங்கி விரித்தார். வழக்கமாக உள்ளே மடிக்கும் பாதியை வெளியே எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, வகுப்பில் பாடம் வாசிக்கும் குரலில் தொடங்கினார்.

"விருச்சிகம். தூரத்துல இருக்கிறவங்க உங்கள மறக்கல. உங்க பேரைக் கூப்பிட்டுத் தேடுறவங்க இருக்காங்க. வீட்டுல இருக்கிறவங்க பட்டினி கிடக்கக் கூடாது."

அம்மா அவர் முகம் இருந்த பக்கம் திரும்பினார். "ரீச்சர், இது பேப்பரிலை இல்லையே."

"இல்லம்மா. நான்தான் சொன்னேன்."

"நீங்கள் இதெல்லாம் பாக்கக் கூடாதெல்லோ?"

"பாக்கலயே. இன்னைக்குத்தான் அங்க ஒண்ணுமே இல்லியே."

அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு அழுகையானது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக் கையில் கொடுத்தார். மத்தியானம் அம்மாவே சித்தப்பாவை அழைக்கச் சொன்னார். "காணியை நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ, எனக்கு வேண்டாம். ஆனால் என்ரை பிள்ளை செத்திட்டான் எண்டு நான் எழுதித் தரமாட்டன்." சித்தப்பா அதற்குப் பிறகு எங்களோடு பேசவில்லை. மறுநாள் பத்திரிகை வருத்தம் தெரிவித்து ஒரு வரி போட்டிருந்தது. விருச்சிகத்துக்குச் செலவு என்று இருந்தது.

இப்போதும் காலையில் வாசிக்கிறேன். ஆனால் வேலைக்குப் போகும்போது சந்தியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்க்காமல் என்னால் பஸ் ஏற முடிவதில்லை.

போன ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து டீச்சர் குறுக்கெழுத்தை எடுத்தார். கடைசியாக ஒன்று மிச்சம். "வேலிக்குப் போடற கதவு. மூணு எழுத்து. ப, ட வந்திருச்சு."

"படலை" என்றார் அம்மா உடனே.

"படல்தானேம்மா? ல்."

"லை. எங்கடை வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு வாறவனுக்குப் படல் எண்டால் விளங்காது."

டீச்சர் என்னைப் பார்த்தார். இரண்டும் என் வாயில் இருந்தன. அந்தக் கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழாக எந்தச் சொல்லும் கடக்கவில்லை. டீச்சர் கொஞ்சம் யோசித்து, பென்சிலைக் கூர் பார்த்து, ஒரே கட்டத்துக்குள் இரண்டு எழுத்தையும் பொடியாக, ஒன்றை ஒன்று இடிக்காமல் எழுதினார்.