முடக்கில் திரும்பாத இரும்பு

என் வேலையை அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளிநாட்டில் எங்கோ ஒரு கட்டடம் எழும்பப் போகிறது. அதன் ஒவ்வொரு இரும்புத் தூணையும் விட்டத்தையும் போல்ட்டையும் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கணினிக்குள் முப்பரிமாணத்தில் முதலில் நான் கட்டுவேன். பிறகு அது துண்டு துண்டான வரைபடமாகப் பட்டறைக்குப் போகும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா, "அப்ப நீ இரும்புக்கு அளவெடுக்கிற டெய்லரு" என்றாள். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

அம்மா கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கும் கொழுந்து பறிக்கும் மேல்மலைக்கும் நடுவே ஓர் ஆறு. குறுக்கே இரண்டு மரங்களைப் போட்டு வைத்திருந்தார்கள், அதுதான் பாலம். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் பெண்கள் கூடையோடு அதன்மேல்தான் போவார்கள். எத்தனையோ பேரிடம் மனுக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கோயில் கமிட்டி முன்வந்தது. ஹட்டனில் இரும்புக்கடையும் பட்டறையும் வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் நானா, இரும்பைத் தானே தருவதாகச் சொன்னார். எங்கள் அலுவலகத்து இன்ஜினியர் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். கணினியில் மாதிரியை நான் செய்தேன்.

என் திமிரை என்னவென்று சொல்ல. பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு விட்டங்கள், நடுவில் ஓர் ஒட்டும் கிடையாது. எதுவும் எதனோடும் மோதுகிறதா என்று மென்பொருளைச் சோதிக்கச் சொன்னேன், ஒன்றுமில்லை என்றது. படத்தை வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா அதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாராம்.

இரும்பை ஏற்றிப் போன அன்று நானா போனில் கூப்பிட்டார். "தங்கச்சி, மொத முடக்குலயே லொறி நின்னுருச்சி. சாமான் நீளம், திருப்ப ஏலாது."

வெளிநாட்டு வேலை என்றால் மாதிரியைத் தொடங்கும் முன்பே கேட்போம்: கொள்கலனில் அடங்குமா, எத்தனை துண்டு? நான் பிறந்து வளர்ந்த ரோட்டுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நடந்து போன ரோடு. பஸ்கூடப் பின்னுக்கு எடுத்து எடுத்துத்தான் அந்தக் கொண்டை ஊசி முடக்குகளில் திரும்பும். தோட்டத்து ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் இறங்கி வந்து தூக்கிப் பார்த்தார்கள். நாலு மைல் ஏற்றம்; முதல் முடக்கைக்கூடத் தாண்ட முடியவில்லை. இரும்பு பட்டறைக்கே திரும்பியது.

விட்டத்தை மூன்றாக வெட்டி, தகடு வைத்து போல்ட்டால் இணைக்கும்படி மாதிரியைத் திருத்த வேண்டும். இன்ஜினியர் அன்றைக்கே கணக்கைத் தந்துவிட்டார். எனக்கு அரை நாள் வேலை. நான் செய்யவில்லை. அலுவலகத்தில் ஒரு பெரிய வேலை முடியும் தறுவாயில் இருந்தது என்பது உண்மை. அந்தக் கோப்பைத் திறக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது என்பது அதைவிடப் பெரிய உண்மை. அம்மா போனில் கேட்டபோது அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். "ஒன் வேலயப் பாரு பாப்பா. எங்களுக்குப் பழகுன மரந்தானே" என்றாள்.

மூன்றாவது வாரம், மத்தியானம் கொழுந்து நிறுக்க வரும்போது அம்மா அந்த மரப்பாலத்திலிருந்து வழுக்கி விழுந்தாள். கீழே பாறை. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து கொழும்புக்கு வந்ததும் அந்தக் கோப்பைத் திறந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. அழுதுகொண்டே செய்தும் அவ்வளவு நேரம்தான் எடுத்தது.

சிறிய லொறியில், சிறிய துண்டுகளாக, இரும்பு எந்தச் சிரமமும் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது. பாலம் திறந்த அன்று தேங்காய் உடைத்தார்கள், பொங்கல் கொடுத்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "எம்மவ போட்ட பாலங்க" என்றார். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த பக்கத்து வீட்டு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒங்கம்மாவுக்குக் குடுத்து வைக்கல பாப்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. அவளை ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரை நாள் வேலையை வெட்கத்தில் மூன்று வாரம் தள்ளிப்போட்டதை, அம்மாவிடம் இரண்டு முறை அடுத்த வாரம் என்று சொன்னதை, ஒன்று விடாமல்.

அத்தை பிடித்திருந்த கையை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இத அப்பாகிட்ட சொல்லிப்புடாத" என்றாள். "அந்த மனுசன் இந்தப் பாலத்த வச்சுத்தான் நடமாடிக்கிட்டு இருக்காரு."

பாலத்தின் ஓரத்தில் அப்பா குனிந்து, யாரோ ஒருவருக்கு அந்த இணைப்புத் தகட்டைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.