நாய்க்கார மொக்கையண்ணன்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மதுரையிலிருந்து ஒருத்தர் பழனிசெட்டிபட்டிக்கு என்னைத் தேடி வந்து, "மொக்கையன் தவறிட்டாக" என்றார். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நம்ம பக்கத்தில் தெருவுக்கு நாலு மொக்கையன். "எந்த மொக்கையன்ப்பா?" என்றேன். "நாய்க்கார மொக்கையன்." அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

மதுரையில் அவர் நாய் வைத்திருந்தது அஞ்சாறு மாதம்தான். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க ஒரு பூனைகூட வளர்க்கவில்லை. பேர் மட்டும் போகவில்லை. அவரோடு மில்லில் வேலை பார்த்தவர்களில்கூடப் பல பேருக்கு அந்தப் பேர் வந்த கதை தெரியாது. எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

அது வெள்ளைக்காரன் காலம். தேனிக்கு ரயில் வந்து கொஞ்ச வருசம்தான் ஆகியிருந்தது. பண்ணைப்புரத்தில் மொக்கையண்ணனுடைய தோட்டத்துக் கிணறு மூணு கோடையாக வற்றிக் கிடந்தது. நான் முன்னாடியே மதுரை மில்லுக்குப் போய்விட்டவன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, "வாங்கண்ணே, அங்கன வேலை இருக்கு" என்று சொன்னேன். அவர் தோட்டத்தைப் பங்காளி பெரியசாமியிடம் விட்டார். தோட்டம் கைமாறினால் காவல் நாயும் அங்கேயே இருந்துவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பெரியசாமியும் அதைத்தான் கேட்டார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "கெணறு ஒனக்கு, தண்ணி எறைக்கிற கமலை ஒனக்கு. கருவாயன் என்கூட வாரான்" என்றார். கருவாயன் கோம்பை நாய். உடம்பு செம்மண் நிறம், வாய் மட்டும் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்த மாதிரி இருக்கும்.

தேனி ஸ்டேஷனில் ரயில் கார்டு, நாயைத் தனிப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்றார். அண்ணன் குனிந்து அந்தப் பெட்டிக்குள் பார்த்தார்.

"இதுக்குள்ள அடைச்சா, எங்க போறோம்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

"நாய்க்கு எதுக்குண்ணே தெரியணும்?" என்றேன்.

"ஏலே சுருளி, ஒனக்குத் தெரிஞ்சுதான நீ ஏறுற?"

என்னையும் வீராயி மதினியையும் சட்டி பானையோடு ஏற்றிவிட்டு, அவர் நாயோடு நடந்தே கிளம்பிவிட்டார். ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, செக்கானூரணி என்று நடந்து மூணாம் நாள் வந்து சேர்ந்தார். நாய் நன்றாக இருந்தது. அவருக்குத்தான் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். மதினி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "நாயி வழியப் படிச்சிருச்சு. நீங்க என்னத்தப் படிச்சீக?" என்று கேட்டார்.

மில்லுக்குப் பின்னால் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசல், பதினெட்டுக் குடித்தனம். ஊரில் தோட்டத்துக்குப் புது ஆள் வேலைக்கு வந்தால் முதல் நாள் நாய்க்குக் கை காட்ட வேண்டும். வளர்த்தவர் பக்கத்தில் நிற்க, வந்தவர் ஒரு உருண்டைக் களியை உள்ளங்கையில் வைத்து ஊட்டுவார். அதற்கப்புறம் நாய் அவரை மறிக்காது. அண்ணன் அதை அப்படியே வளவுக்குக் கொண்டுவந்தார். பதினெட்டுக் குடித்தனமும் வரிசையாக வந்து கருவாயனுக்குக் கேப்பைக்களி ஊட்டியது. வளவுக்காரரையும் அவர் விடவில்லை.

"ஏய்யா, என் வளவுக்குள்ள நான் நுழையுறதுக்கு ஒன் நாய்க்குச் சோறு ஊட்டணுமா?"

"ஒரே ஒரு நாளைக்குத்தான் மொதலாளி."

முணுமுணுத்துக்கொண்டே ஊட்டினார்.

தோட்டத்துக்கு வருசத்தில் நாலு புது முகம் வரும். பட்டணத்து வாசலுக்கு ஒரு பொழுதிலேயே நாற்பது பேர் வருவார்கள். அது அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு மத்தியானம் நாலாம் வீட்டுப் பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்தது. மருத்துவச்சி ஓடி வந்தால் வாசலில் கருவாயன் நிற்கிறது. நானும் அண்ணனும் மில்லில் இருக்கிறோம். மதினி களிச்சட்டியோடு ஓடி, "ஆத்தா, ஒரு உருண்டை ஊட்டிருங்க, விட்டுருவான்" என்று கெஞ்சியிருக்கிறார். "அங்கன ஒருத்தி உசுருக்குத் துடிக்கா, நான் இங்கன நாய்க்கு விருந்து வைக்கவா?" என்று அந்த அம்மா கத்தியிருக்கிறார். கடைசியில் மதினி நாயின் மேல் விழுந்து தரையோடு அமுக்கிக்கொள்ள, அந்த அம்மா தாண்டி ஓடினார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

சாயங்காலம் வளவுக்காரர், "ஞாயித்துக்கெழமைக்குள்ள நாய் போகணும். இல்லேன்னா நீ போகணும்" என்றார். அண்ணன், "சரி மொதலாளி" என்றார். என்னிடம் மட்டும், "அவன் சரியாத்தாம்லே நின்னுருக்கான். நாந்தான் வாசலத் தப்பாக் காட்டிட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்தார். எட்டாம் நாள் தனியாக வந்தார். நாய் என்ன ஆனது என்று யாரிடமும் சொல்லவில்லை. கணவாயில் அவிழ்த்துவிட்டுவிட்டார் என்று ஒருத்தர் சொன்னார். வழியில் செத்துப்போயிற்று என்று இன்னொருத்தர். உசிலம்பட்டியில் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்றும் பேச்சு. நான் கேட்டபோதெல்லாம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். எத்தனை வருசம் ஒரே மெஷின் பக்கத்தில் நின்றோம்! அந்த எட்டு நாளை மட்டும் எனக்குக் காட்டவே இல்லை.

மதுரைக்குப் போய், அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு மதினியிடம் கேட்டேன்.

"ஒங்கிட்டயுமா சொல்லல? பண்ணைப்புரத்துக்குத்தான் கூட்டிட்டுப் போயிருக்காக. தோட்டத்தப் பாத்ததும் அது ஓடிப்போயி கமலை மேட்டுல படுத்துக்கிருச்சாம். இவுக வேலியோரமா நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டாக. கூப்பிடலையாம்."

"ஏன் கூப்பிடலயாம்?"

"கூப்பிட்டு வந்துருச்சுன்னா இங்கன எடமில்ல. கூப்பிட்டும் வராமப் போச்சுன்னா..." மதினி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "போன மாசம்கூடக் கேட்டாக. 'கூப்பிட்டிருந்தா வந்திருப்பானா வீராயி?'ன்னு. ஒரு நாளைக்கு வந்திருப்பான்னு சொல்லுவேன். ஒரு நாளைக்கு வந்திருக்க மாட்டான்னு சொல்லுவேன். ரெண்டுக்கும் தலையாட்டிக்கிருவாக."

மொக்கையண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். காலையில் எழுந்தால், வந்திருப்பான் என்று தோன்றுகிறது. சோற்றுக்கு உட்கார்ந்தால், மாட்டான் என்று தோன்றுகிறது. உங்களில் கருவாயனைக் கண்ணால் கண்டவர்கள் யாராவது உயிரோடு இருந்தால், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.